தொழிலாற்றுவோரும் பொறியியற் பட்டமும்

இளமையோடு கல்வி முடிவெய்தும் என்னும் எண்ணம் நம்மவரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. இருபது வயதிற் பல்கலைக்கழகம் புகாதவன் பின்னொருகாலும் புகான் என்று பெற்றோர் கருதுவர். நாளடைவில் அவனும் அவ்வாறே கருதிவிடுவான். பொறியியற்றுறையில் இவ்வெண்ணம் பெருந்தீங்கு விளைப்பது. கட்டட வேலைத்தலங்களிலும் மின்னிலையங்களிலும் பல்லாண்டு பணியாற்றிய தொழினுட்ப உத்தியோகத்தர் பலர், வேலையை நன்கறிந்திருந்தும், பட்டமின்மையாற் பொறியியலாளர் பதவிக்கு உயரமாட்டாது நிற்கின்றனர். அத்தகையோர் மீண்டுங் கற்க வழியாது, கற்பதாற் பெறும் பயன் யாது, எதிர்ப்படும் இடர்கள் எவை என்பனவற்றை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் வழியை நோக்குவாம். 1858 ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகம் தன் பரீட்சைகளை வெளிவாரி மாணவர்க்குந் திறந்துவிட்டது. கல்லூரியில் உறையாதாரும் பட்டம் பெறலாம் என்னுங் கொள்கை இதனால் வலுப்பெற்றது. 1969 இல் இங்கிலாந்தில் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகம், பரீட்சையோடமையாது பாடத்தையும் மாணவரின் இல்லத்துக்கே கொண்டு சென்றது. நம் நாட்டில் 1980 இல் தோன்றிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், நாவலையைத் தலைமையிடமாகக் கொண்டு, யாழ்ப்பாணம் முதலாய இடங்களிற் பிராந்திய நிலையங்களும் அமைத்துள்ளது. அங்குப் பொறியியற் பட்டம் பயில்வோர் பாடங்களைப் பெரும்பாலுந் தாமே கற்பர். ஒப்படைகளை எழுதிக் கொடுப்பர். ஆய்கூடப் பயிற்சிக்கும் பரீட்சைக்குங் குறித்த நாட்களில் நிலையஞ் செல்வர். வேலையின் சுமைக்கேற்ப ஓராண்டிற்குரிய பாடங்களைக் குறைத்துக்கொள்ளவும் இயலும்.

இனி, அனுபவமுடையார் புதிதாகக் கற்பது யாது? இரு சுவர்களின்மேற் கிடக்குங் கொங்கிறீற்றுத் தீராந்தி ஒன்றைக் கருதுக. சுமை மேலிருந்து அழுத்த அதன் அடிப்பாகம் இழுபடும்; ஆதலின் இரும்புக் கம்பிகளை அடிப்பாகத்தில் இடவேண்டும் என்பதைத் தேர்ந்த மேற்பார்வையாளர் எவரும் அறிவர். சுவர்களுக்கிடைப்பட்ட தூரம் கூடினால் தீராந்தியும் பருக்கவேண்டும் என்பதும் அவர் அறிந்ததே. எவ்வளவு என்பதே வினா. நீளமெங்கும் ஒரே சீராகச் சுமை பரவியிருப்பின், தூரம் இருமடங்காக, வளைவுத் திருப்பம் 4 மடங்காகும். தீராந்தியின் பருமன் மாறாதிருந்தால் நடுவில் உண்டாகுந் தொய்வு 16 மடங்காகும். தொகையீடு அறிந்தார்க்கே இதன் காரணம் விளங்கும். பழகிய வேலையில் அனுபவம் நன்கு துணைசெய்யும். முன்பு கண்டிராத அமைப்பொன்றை நிறுவ நேருமிடத்துக் கணக்கிட்டே துணிதல் வேண்டும். அத்துணிபிற் பலருடைய உயிர் தங்கியுள்ளது.

இடர்களுள் முதன்மையானது கணித மறதி. பதினைந்து ஆண்டுகள் தொகையீட்டைத் தொடாதிருந்த ஒருவர், முதல் ஒப்படையிலேயே இடறித் தம் அறிவு மங்கிவிட்டதென மயங்குவர். துருப்பிடித்த கருவியைச் சாணைபிடித்தல் வேண்டுமேயன்றி வீசியெறிதல் தகாது. பதிவு செய்தற்கு ஆறு மாதம் முன்னரே உயர்தரக் கணிதத்தை நாளும் ஒரு மணிநேரம் செய்து பழகுவார்க்கு இவ்விடர் பெரிதுங் குறையும். போதனாமொழி ஆங்கிலமாதலின், தாய்மொழியிற் பயின்றோர் அதற்கும் அக்காலத்தையே பயன்படுத்தலாம். அடுத்தது நேரக்குறை. பல பாடங்களை எடுத்து யாவற்றையுங் கைவிடுவதினும் சிலவற்றை எடுத்து முடித்தல் நன்று. குடும்பத்தாரின் இசைவின்றித் தொடங்கிய படிப்பு நெடுந்தூரஞ் செல்லாது என்பதும் நினைவிலிருத்தற்பாலது.

ஆசிரியர்க்கும் இதிற் கடமையுண்டு. உயர்தரப் பரீட்சையில் தவறிய மாணவனைத் தோற்றவன் எனத் தள்ளிவிடாது, வேலைக்குச் சென்றபின்னும் பட்டம் பெற வழியுண்டு என்று அவன் பாடசாலையை விட்டு நீங்குமுன்னரே உணர்த்துதல் வேண்டும். கணித நூல்களைப் பிறர்க்குக் கொடுத்துவிடாது காத்து வைக்குமாறும் அவனுக்குச் சொல்லுக.