முற்றத்துக் கோழி: பெறுவதும் இழப்பதும்

திருவனந்தபுரத்தில் கிழக்குக்கோட்டையிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் சாலைக் கடைத்தெரு, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் இராஜா கேசவதாசர் அமைத்தது. அத்தெருவின் கீழ்க்கோடியை அடுத்து, கிள்ளியாற்றுக்கு இப்பால் இருப்பது ஆரியசாலை. வணிகத்தின் பொருட்டு வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இங்கு வாழ்ந்து வருகின்றன. ஆண்டுதோறும் நவராத்திரியின்போது குமரி மாவட்டத்திலிருந்து எழுந்தருளும் தெய்வத் திருமேனிகளுள், வேளிமலைக் குமாரசுவாமி தங்குவது ஆரியசாலைத் தேவி கோயிலிலேயே. கோழிக் கொடியோன் விருந்தினனாக வந்து தங்கும் இடத்திலிருந்து கோழி வளர்ப்பைப் பற்றிப் பேசுவது பொருத்தமே அன்றோ?

கேரளத்தில் உண்ணப்படும் முட்டையில் பெரும்பகுதி நாமக்கல்லிலிருந்து வருகிறது. சாலைக் கடைத்தெருவில் வேண்டும்போது வேண்டிய அளவு முட்டை கிடைக்கும். அவ்வாறிருக்க, நான்கு முழ அகலமுள்ள பின்முற்றத்தில் கோழியை வைத்துக்கொண்டு இடர்ப்படுவானேன் என்று சிலர் வினவுவர். எனினும், கொல்லைப்புறக் கோழி வளர்ப்பு நம் நாட்டில் மறைந்துவிடவில்லை. 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி, நாட்டிலுள்ள 85 கோடியே 18 இலட்சம் வளர்ப்புப் பறவைகளுள் 31 கோடியே 70 இலட்சம் வீட்டுப்புறத்தில் வளர்பவை. 2012ஆம் ஆண்டின் எண்ணிக்கையை விட இது ஏறத்தாழ 46 விழுக்காடு மிகுதி. இவ்வளவு குடும்பங்கள் மேற்கொள்ளும் ஒரு தொழிலில் இன்பமும் இழப்பும் எவ்வாறு கலந்திருக்கின்றன என்பதையும், அவ்விழப்புகளுள் தவிர்க்கத் தக்கவை எவை என்பதையும் இங்குக் காண்போம்.

வீட்டுக் கோழியின் முதன்மையான மூதாதை தென்கிழக்கு ஆசியாவின் செங்காட்டுக்கோழி. ஆயினும் நம் மலைநாட்டுக்கும் அதில் ஒரு பங்குண்டு. அகத்தியர் மலைக் காடுகளில் இன்றும் கூவித் திரியும் சாம்பல்நிறக் காட்டுக்கோழியின் மரபணுவே, வீட்டுக் கோழிகள் பலவற்றின் காலும் தோலும் மஞ்சளாக இருப்பதற்குக் காரணம் என்று 2008ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர்.

கோழி வளர்க்க விழைவோர் முதலில் முடிவு செய்ய வேண்டியது இனத்தை. முட்டைக்காகவே உருவாக்கப்பட்ட வெள்ளை லெகார்ன் போன்ற இனங்கள் ஆண்டுக்கு 280 முட்டைகளுக்கு மேல் இடும். ஆனால் அடைகாக்கும் இயல்பைப் பெரும்பாலும் இழந்துவிட்டவை. நாட்டுக்கோழியோ ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைகள்தாம் இடும். பத்துப் பதினைந்து முட்டைகள் இட்டபின் அடையில் அமர்ந்துவிடும். மிகுந்த முட்டை வேண்டுவோர்க்கு முன்னது ஏற்றது. குஞ்சு பொரிப்பதைக் காண விழைவோர்க்கு நாட்டுக்கோழியே துணை. கேரளத்திற்கே உரிய கருநிறத் தலச்சேரிக் கோழியும் நாட்டினங்களுள் ஒன்று. திருவனந்தபுரம் குடப்பனக்குன்றில் அரசின் வட்டாரக் கோழிப் பண்ணையும் உள்ளது.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். நாம் பெட்டை என்பதை மலையாளத்தார் பிடக்கோழி என்பர். சேவலைப் பூவன்கோழி என்பர். நமக்குக் குஞ்சு பொரிக்கிறது. அவர்களுக்கு முட்டை விரிகிறது, மலர் விரிவதைப் போல. கால்நடை மருத்துவமனைக்குச் செல்வோர்க்கு இச்சொற்கள் பயன்படும். சொல் வேறுபட்டாலும் 'அடை' என்னும் சொல் இரு மொழிக்கும் பொதுவாகவே நிற்கிறது.

அடை வைக்கும் முட்டை, சேவலோடு சேர்ந்து திரிந்த பெட்டை இட்டதாக இருத்தல் வேண்டும். கடையில் வாங்கும் பண்ணை முட்டை சேவலின்றி இடப்படுவதால் எத்தனை நாள் வைத்தாலும் பொரியாது. ஒரு வாரத்திற்கு மேற்படாத முட்டைகளைத் தேர்ந்து, கழுவாமல், கூர்முனை கீழாக இருக்குமாறு குளிர்ந்த இடத்தில் சேர்த்து வைத்தல் நன்று. கழுவினால் ஓட்டின் மேலுள்ள மெல்லிய காப்புப் படலம் நீங்கி, ஆயிரக்கணக்கான நுண்துளைகளின் வழியே கிருமிகள் உட்புகும். நாட்டுப் பெட்டை ஒன்றின் அடியில் பத்து முதல் பன்னிரண்டு முட்டைகள் போதும். அளவு மிஞ்சினால் ஓரத்து முட்டைகள் குளிர்ந்து கூமுட்டையாகும். கூடையில் மணலோ வைக்கோலோ பரப்பி, பேன் பற்றாதிருக்கச் சிறிது சாம்பலும் தூவுவது நம் பாட்டிமார் வழக்கம்.

அடைக்கூடையில் இரும்புத் துண்டும் கரியும் இட்டால் இடியோசையால் முட்டை கெடாது என்னும் நம்பிக்கையும் நம்மிடையே உண்டு. இரும்பு இடியைத் தடுப்பதில்லை. இடி மழைக்காலத்தில் கூடை நனைவதும், அஞ்சிய பெட்டை அடையை விட்டு எழுந்துவிடுவதும் முட்டைக்குக் கேடு செய்யும். ஆகவே, இரும்பைத் தேடுவதைக் காட்டிலும், ஒழுகாத மூலையைத் தேடுவதே அறிவுடைமை.

அடையிருப்பு இருபத்தொரு நாள். பெட்டை தன் நெஞ்சிறகை உதிர்த்து, வெறுந்தோலின் சூட்டை முட்டைக்கு அளிக்கிறது. பொறிகளில் பொரிப்போர் 37.5 பாகை செல்சியசு வெப்பத்தை இடைவிடாது காக்க முயல்கின்றனர். பெட்டைக்கு அது இயல்பாகவே அமைகிறது. கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளாதபடி, நாள்தோறும் பலமுறை அலகால் முட்டைகளைப் புரட்டுகிறது. நாளுக்கு ஒருமுறை எழுந்து சிறிது தீனியும் நீரும் கொண்டு மீள்கிறது. அப்போது அதனை விரட்டுவதும், முட்டையைத் தொட்டுப் பார்ப்பதும் தகா.

மூன்றாம் நாளிலேயே கருவின் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. ஈராயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் அடைமுட்டைகளை உடைத்து ஆராய்ந்து, துள்ளும் குருதிப் புள்ளி ஒன்றைக் கண்டு எழுதிவைத்தார். நாம் முட்டையை உடைக்க வேண்டியதில்லை. ஏழாம் நாள் இரவில் இருட்டறையில் கைவிளக்கின்முன் முட்டையைப் பிடித்தால், சிலந்தியின் கால்களைப் போல் செந்நரம்புகள் பரவியிருப்பது தெரியும். நரம்பின்றித் தெளிவாக இருப்பது கருவற்ற முட்டை, அதனை எடுத்துவிடலாம். கோழி வளர்ப்பில் வரும் முதல் இழப்பு இதுவே. பன்னிரண்டு வைத்தோம், பன்னிரண்டும் பொரிக்கும் என்று சிறுவர்க்கு முன்கூட்டிச் சொல்லிவிடலாகாது.

இருபதாம் நாளளவில் முட்டைக்குள்ளிருந்து மெல்லிய கீச்சொலி எழும். பெட்டை அதற்குத் தாழ்ந்த குரலில் விடையளிக்கும். அலகின் நுனியிலுள்ள சிறு கூர்மையால் குஞ்சு ஓட்டில் துளையிட்டு, இடையிடையே ஓய்ந்து, ஓட்டைச் சுற்றிலும் உடைத்து வெளிவரும். இதற்குப் பல மணி நேரம் ஆகலாம். இரக்கம் மேலிட்டு ஓட்டை நாம் பிரிக்க முற்படுதல் தீங்காகும். அந்நேரத்தில்தான் எஞ்சிய மஞ்சட்கரு குஞ்சின் வயிற்றுக்குள் சென்று சேர்கிறது. உட்சவ்வின் குருதிக்குழாய்களும் வற்றுகின்றன. முன்னரே பிரித்தால் குருதி கசிந்து குஞ்சு மடியும். உள்வாங்கிய அம்மஞ்சட்கருவால் பிறந்த குஞ்சு இரண்டு நாள் வரை உணவின்றியும் தாங்கும். ஆகவே, முதல் நாளில் அது தின்னவில்லையே என்று கவலையுற வேண்டா.

ஈரம் புலர்ந்து, பஞ்சுருண்டைபோல் தாயின் சிறகிடையிலிருந்து தலை நீட்டும் குஞ்சுகளைக் காண்பது, இத்தொழிலின் தலையாய இன்பம். தாய் குப்பையைக் கிளறி, ஒரு புழுவைக் கண்டதும் தான் தின்னாது குரல் கொடுத்து அழைக்கும். கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா என்னும் பழமொழியின் உண்மையை முற்றத்தில் நாள்தோறும் காணலாம். குருணையும் நொய்யும் கம்பும் குஞ்சுகளுக்கு ஏற்றவை. ஆயினும் அவை மட்டும் போதா. வளரும் உடலுக்குப் புரதம் வேண்டும். நம் ஊர்ப்புறங்களில் பானையில் சாணமும் பழஞ்சாக்கும் இட்டுக் கரையான் பிடித்துக் கொடுப்பது இதற்காகவே. நகரத்தில் கடையில் விற்கும் குஞ்சுத் தீவனம் அக்குறையை நீக்கும்.

தாயில்லாக் குஞ்சுகளை வாங்கி வளர்ப்போர் மின்விளக்கின் சூட்டைத் தாயாக்குதல் வேண்டும். முதல் வாரத்தில் 35 பாகை வெப்பம் தேவை. பின்னர் வாரந்தோறும் மூன்று பாகை அளவு குறைத்து வரலாம். வெப்பமானி இல்லாவிடினும் குஞ்சுகளே உணர்த்தும். விளக்கின்கீழ் நெருங்கிக் குவிந்தால் குளிர். விலகிச் சுவரோரம் ஒதுங்கினால் சூடு மிகுதி. பரவலாகத் திரிந்தால் அளவு சரி.

இனி இழப்புகளை நோக்குவோம். காகமும் பருந்தும் பூனையும் கீரியும் பகலில் கவரும். பெருச்சாளியும், மலையாளத்தில் மரப்பட்டி எனப்படும் மரநாயும் இரவில் வரும். பஞ்சாரத்தைக் கவிழ்ப்பது பகலுக்குப் போதும். இரவுக்கு நெருங்கிய கம்பிவலையும் தாழும் உள்ள கூடு இன்றியமையாதது. கேரளத்தில் இருமுறை பெய்யும் பருவமழை மற்றொரு பகை. ஈரமான தரையில் மூன்று முதல் ஆறு வார வயதுள்ள குஞ்சுகளை இரத்தக்கழிச்சல் நோய் தாக்கும். உமியோ மரத்தூளோ பரப்பி, நாள்தோறும் கிளறி, நனைந்ததை அகற்றிவருவதே இதற்குக் காப்பு. துலாமழை ஓய்ந்தபின் மார்கழி இறுதியில் பொரித்த குஞ்சுகள், ஆனி மழைக்குள் உடல் தேறிவிடும்.

இவற்றினும் கொடியது வெள்ளைக்கழிச்சல். மலையாளத்தார் இதனைக் கோழிவசந்தை என்பர். இன்றைய உத்தராகண்டத்திலுள்ள இராணிக்கேத்தில் 1927ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டமையால், நம் நாட்டு மருத்துவர் இதனை இராணிக்கேத் நோய் என்கின்றனர். வெண்மையும் பச்சையுமான கழிச்சல், மூச்சுத் திணறல், கழுத்து முறுக்கல் ஆகியவை இதன் குறிகள். நோய் வந்தபின் மருந்து இல்லை. காலையில் நன்றாக மேய்ந்த கூட்டம் சில நாட்களுக்குள் முற்றும் அழிந்து, வெறுங்கூடு எஞ்சுவதை அறியாத கோழிக்காரர் அரியர்.

ஆயினும் இது தடுக்கத் தக்க நோய். ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நான்காம் வாரத்தில் மீண்டும் ஒருமுறை, எட்டாம் வாரத்தில் தோலடியில் ஓர் ஊசி என்று தடுப்பு மருந்து தரப்படுகிறது. திருவனந்தபுரம் மாவட்டத்துப் பாலோட்டில் உள்ள அரசு நிலையத்திலேயே கால்நடைத் தடுப்பு மருந்துகள் உருவாக்கப்படுகின்றன. அப்படியிருந்தும் கோழிகள் மாள்வதன் காரணம் என்ன? மருந்துக் குப்பி ஒன்று நூறு கோழிகளுக்கு மேல் போதுமானது. நம்மிடம் இருப்பவையோ ஐந்தாறு. திறந்த மருந்தை இரண்டு மணி நேரத்திற்குள் செலவிட வேண்டும். அதுவரை பனிக்கட்டியில் வைத்திருக்க வேண்டும். ஐந்து கோழிக்காக ஒரு குப்பியைத் திறக்க எவரும் முன்வருவதில்லை. ஆகவே, தெருவில் கோழி வளர்ப்போர் யாவரும் ஒருங்குகூடி, நாள் குறித்து, கால்நடை மருத்துவமனையை அணுகுதலே வழி. ஒருவர் வீட்டுக் கோழியின் உயிர் அண்டை வீட்டாரின் கவனத்திலும் அடங்கியுள்ளது.

பறவைக் காய்ச்சல் இவ்வுண்மையை மேலும் வலியுறுத்துகிறது. 2014ஆம் ஆண்டில் ஆலப்புழைப் பகுதி வாத்துகளிடையே பரவிய அந்நோய், 2023 சனவரியில் திருவனந்தபுரம் மாவட்டத்து அழூர் ஊராட்சியிலும் காணப்பட்டது. நோய் உறுதியானால் அவ்விடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவிலுள்ள வளர்ப்புப் பறவைகள் அனைத்தும் கொல்லப்படும். முட்டையும் தீவனமும் அழிக்கப்படும். நோயற்ற கோழிக்கும் விலக்கு இல்லை. அரசு இழப்பீடு தரும். எனினும், பெயரிட்டு வளர்த்த கோழியைக் கையால் எடுத்துக் கொடுக்கும் குடும்பத்தின் துயரம் பணத்தால் தீராது. ஆயினும் மனித உயிரின் காப்புக்கு இந்நடவடிக்கை வேண்டியதே. கோழிகள் திடீரெனப் பலவாக மடிந்தால் மறைக்காது மருத்துவமனைக்கு அறிவித்தல் வேண்டும். இறந்தவற்றை வெறுங்கையால் தொடுதலும், ஆற்றிலோ குப்பையிலோ எறிதலும் கூடா.

இன்னும் ஒன்று உண்டு. பொரித்த குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி சேவலாகும். சேவலின் கூவல் கிராமத்தில் வைகறையின் அழகு; சுவரோடு சுவர் ஒட்டிய நகரத்தில் அண்டை வீட்டாரின் உறக்கக் கேடு. விளக்கை மறைத்தாலும் பயனில்லை. வெளிச்சம் இன்றியே, தன் உடலினுள் இயங்கும் கடிகாரத்தால் சேவல் கூவுகிறது என்பதை 2013ஆம் ஆண்டில் சப்பானிய நாட்டு நகோயாப் பல்கலைக்கழக அறிஞர் மெய்ப்பித்தனர். ஆகவே, சேவல்களை விற்பதா, உணவுக்கு எடுப்பதா, ஊரிலுள்ள உறவினர்க்கு அனுப்புவதா என்பதை அடை வைக்கும் முன்னரே வீட்டார் கூடி முடிவு செய்தல் வேண்டும். பிள்ளைகள் அன்பு வைத்தபின் அம்முடிவை எடுப்பது கடினம்.

பெங்களூரிலோ மும்பையிலோ தில்லியிலோ வாழும் தமிழ் மக்களுக்கும் இவை பொருந்தும். அவ்வவ்விடத்து நகராட்சி விதிகளை முதலில் கேட்டறிக. நான்கைந்து பெட்டைகளோடு தொடங்குக. முதல் ஈட்டில் பன்னிரண்டு முட்டைக்கு எட்டுக் குஞ்சும், எட்டில் ஐந்து வளர்ந்த கோழியும் கிடைத்தால் மனம் தளர வேண்டா. எவை எதனால் மடிந்தன என்பதை ஓர் ஏட்டில் நாளோடு குறித்து வைத்தால், அடுத்த ஈட்டில் இழப்புக் குறையும். அவ்வேட்டின் முதற்பக்கத்தில், அதே தெருவில் கோழி வளர்க்கும் மற்றவர்களின் பெயரையும், அருகிலுள்ள கால்நடை மருத்துவமனை தடுப்பு மருந்து இடும் நாளையும் எழுதிக்கொள்க.