பச்சைக் கண்ணாடிக்குள் ஒரு கோலி

திண்டுக்கல் மாவட்டம் அகரத்தில் எங்கள் வீட்டுச் சன்னலில் பதினோரு சோடா பாட்டில்கள் நிற்கின்றன. காலை வெயில் பட்டால் தரையில் பச்சையும் நீலமும் விழும். "காயலான் கடையவே வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டீங்க" என்பாள் மனைவி. பொய்யில்லை. ஏழு பாட்டில்கள் திண்டுக்கல் காயலான் கடைகளில் எடைக்கு வாங்கியவை. இன்னும் இரண்டு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பேரம் பேசித் தோற்று வாங்கியவை.

முத்தாலம்மன் திருவிழாக் கூட்டத்தில் கோலி சோடா குடித்து வளர்ந்தவன் நான். கடைக்காரர் கட்டைவிரலால் அழுத்தினால் கோலி 'டப்' என்று இறங்கும். உடைந்த பாட்டிலின் கோலிக்குச் சண்டையே நடக்கும். அந்தப் பாட்டிலுக்கு மூடி கிடையாது என்பதை அன்று யோசித்ததில்லை. பாட்டிலைத் தலைகீழாக்கி சோடா அடைக்கும்போது கோலி வாய்ப்பக்கம் விழுகிறது. உள்ளிருக்கும் வாயு அதை ரப்பர் வாஷரோடு இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. கழுத்தின் ஒரு பக்கம் இரண்டு குழிகள் தெரியும். உள்ளே அவை மேடு. அந்தப் பக்கம் கீழே வரும்படி சாய்த்தால் கோலி அங்கேயே தங்கும். மறுபக்கம் சாய்த்தால் வழியை அடைத்துவிடும். 1870களில் இந்த வடிவத்துக்குக் காப்புரிமை வாங்கியவர் ஹிராம் காட் என்ற இங்கிலாந்துக்காரர்.

பச்சைக்கு யாரும் சாயம் கலக்கவில்லை. மணலோடு வரும் இரும்பின் வேலை அது. நீலத்துக்குத்தான் கோபால்ட் சேர்க்க வேண்டும். பச்சையைப் போக்க மாங்கனீஸ் சேர்த்த பழைய கண்ணாடி, வருடக்கணக்கில் வெயிலில் கிடந்தால் இளம் ஊதாவாகும்.

வயதைக் கண்டுபிடிக்க நான் விரலைத்தான் நம்புவேன். பக்கவாட்டில் அச்சுக்கோடு ஓடும். அது வாய்க்குக் கீழேயே மறைந்தால், வாயைத் தனியாகக் கையால் வைத்திருக்கிறார்கள், பெரும்பாலும் பழசு. ஆனால் யார் குடித்தது, எந்தக் கல்யாணத்தில் 'கலர்' ஊற்றினார்கள்? அதைக் கண்ணாடி சொல்லாது.

கண்ணாடியே வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதானே என்பவர்களைப் பழனி பக்கத்துப் பொருந்தலுக்கு அனுப்புவேன். 2009, 2010இல் பேராசிரியர் கா. ராஜன் அங்கே நடத்திய அகழாய்வில் ஆயிரக்கணக்கான மணிகளும் கண்ணாடி மணி செய்த உலையின் தடயமும் கிடைத்தன. நம் மாவட்டம்தான்.

உங்கள் வீட்டுப் பரணில் இப்படியொரு பாட்டில் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வெந்நீரில் கழுவவும் வேண்டாம். என் பன்னிரண்டாவது பாட்டில் அப்படித்தான் போனது.