ஸ்கேன் மெஷினைப் பழுதுபார்க்க யார் வருவார்?

"எக்ஸ்ரே மெஷின் ரிப்பேர். கம்பெனியிலிருந்து ஆள் வரணும். நாளைக்கு வாங்க." அரசு மருத்துவமனையை நம்பியிருப்போருக்குப் பழகிப்போன பதில் இது. வசதி உள்ளவர் தனியார் ஸ்கேன் சென்டருக்குப் போய்விடுவார். கூலி வேலை செய்யும் நம் மக்களுக்கோ ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் மறுபடி போகும்.

மெஷின் வாங்காதது மட்டுமே குறை அல்ல. அரசு மருத்துவமனைக் கருவிகளைக் கணக்கெடுத்தபோது, மாநிலத்தைப் பொறுத்து 13 முதல் 34 சதவீதம் வரை இயங்காமல் கிடந்தன. அதனால்தான் 2015-ல் மத்திய அரசு தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் பராமரிப்புத் திட்டம் கொண்டுவந்தது. பல மாநிலங்கள் அந்த வேலையைத் தனியாரிடம் ஒப்படைத்தன.

படம் எடுக்கும் ரேடியோகிராபர் வேறு. மெஷினைப் பராமரிக்கும் பயோமெடிக்கல் டெக்னீஷியன் வேறு. உயர் மின்னழுத்தம், கதிர்வீச்சு, கம்ப்யூட்டர் மூன்றும் அவருக்குத் தெரிய வேண்டும். எம்.ஆர்.ஐ. காந்தம் மைனஸ் 269 டிகிரி குளிரில், திரவ ஹீலியத்தில் இயங்குவது. குளிரூட்டி நின்றால் ஹீலியம் வீணாகும். எனவே பழுதான பிறகு ஓடிவருபவரைவிட, தினமும் பார்த்துக்கொள்பவரே முக்கியம்.

இந்த வேலைக்கு நம் மாணவர்கள் வர முடியும். பத்தாம் வகுப்பு முடித்து பாலிடெக்னிக்கில் பயோமெடிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படிக்கலாம். பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு.

ஆனால் வகுப்பறைப் படிப்பு மட்டும் போதாது. சர்வீஸ் கையேடும் சாஃப்ட்வேர் பாஸ்வேர்டும் பெரும்பாலும் கம்பெனிகளின் கையில் இருக்கின்றன. கோடிகள் கொடுத்து மெஷின் வாங்கும்போதே, மருத்துவமனை டெக்னீஷியனுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

பயிற்சி பெற்றவரைத் தக்கவைப்பது அடுத்த கேள்வி. ஒப்பந்த வேலை, குறைந்த சம்பளம், பதவி உயர்வு இல்லை என்றால் தொழில் கைவந்ததும் நகரத்துக் கம்பெனிக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

இதில் சமூக நீதியும் அடங்கியிருக்கிறது. தமிழகத்தில் நிரந்தர அரசுப் பணி என்றால் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம் இடஒதுக்கீடு. அதில் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு. பழங்குடியினருக்கு 1 சதவீதம். அதே வேலை தனியார் கம்பெனிக்குப் போனால் இந்த உரிமை அங்கே இல்லை. மருத்துவமனையில் துப்புரவு வேலைக்கு நம்மைத் தேடுகிறார்கள். தொழில்நுட்ப வேலையிலோ நமக்குரிய பங்கைக் கேட்கவே வழியில்லாமல் போகிறது.

மாவட்ட, தாலுகா மருத்துவமனைகளில் பயோமெடிக்கல் டெக்னீஷியன் பணியிடங்களை நிரந்தரமாக உருவாக்கி, பதவி உயர்வுக்கு வழி செய்து, இடஒதுக்கீட்டின்படி நிரப்ப வேண்டும். தாட்கோ தன் திறன் பயிற்சிகளில் இந்தத் தொழிலுக்கும் முக்கிய இடம் தரலாம். கிராம சபையில் மருத்துவமனை பற்றிப் பேசும்போது டாக்டரோடு டெக்னீஷியனையும் சேர்த்துக் கேட்போம்.