உள்ளூர்த் தொலைக்காட்சிச் செய்தியாளர்

ஓர் ஊரில் நிகழ்வனவற்றைக் காட்சியாகவும் சொல்லாகவும் மக்களுக்கு எடுத்துரைப்பவர் உள்ளூர்த் தொலைக்காட்சிச் செய்தியாளர். தலைநகரிலிருந்து வரும் செய்தியாளர் நிகழ்ச்சி முடிந்ததும் திரும்பிச் சென்றுவிடுவார். உள்ளூர்ச் செய்தியாளரோ, தாம் யாரைப் பற்றிச் செய்தி கூறினாரோ அவர்களிடையே மறுநாளும் வாழ்கிறார். ஆதலால், மக்கள் அவர்மீது வைக்கும் நம்பிக்கையே அவருடைய தொழிலுக்கு முதலாகும். மைசூரு நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பணியின் இயல்பை அறிவோம்.

ஒலிபரப்பு வரலாற்றில் மைசூருவுக்குத் தனியிடம் உண்டு. அங்கு உளவியல் பேராசிரியராக விளங்கிய எம். வி. கோபாலசாமி, 1935ஆம் ஆண்டு தம் இல்லத்திலேயே ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். அது 'ஆகாசவாணி' என்று அழைக்கப்பட்டது. பின்னாளில் அகில இந்திய வானொலியும் அப்பெயரை ஏற்றுக்கொண்டது.

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை முறையில் தொடங்கியது. 1975இல் சென்னை நிலையம் தோன்றியது. 1993இல் சன் தொலைக்காட்சியும் 1994இல் கன்னட மொழியில் உதயா தொலைக்காட்சியும் ஒளிபரப்பைத் தொடங்கின. அதன்பின் தனியார் அலைவரிசைகள் பெருகின. மாவட்டந்தோறும் செய்தியாளர் தேவைப்பட்டனர்.

செய்தியாளரின் நாள் பெரும்பாலும் தொலைபேசியில் தொடங்குகிறது. காவல்துறை, மாவட்ட நிருவாகம், மருத்துவமனை, வனத்துறை ஆகியவற்றிலிருந்து அவர் தகவல் திரட்டுகிறார். எச்செய்தி முதன்மையானது என்பதைத் தலைமை அலுவலகச் செய்திப் பிரிவுடன் கலந்து முடிவு செய்கிறார். பின்னர் ஒளிப்பதிவாளருடன் நிகழ்விடம் செல்கிறார். அங்கு உரியவர்களின் கருத்தைப் பதிவு செய்வதைப் 'பைட்' எடுத்தல் என்பர். அனைத்தையும் தொகுத்து அனுப்பினால், ஒளிபரப்பாகும் செய்தி ஒன்றிரண்டு நிமிடங்களே நீடிக்கும். முற்காலத்தில் ஒளிநாடாக்களைப் பேருந்திலும் தொடர்வண்டியிலும் அனுப்பினர். இன்று காட்சிகள் இணையத்தின் வழியே உடனுக்குடன் செல்கின்றன. விரைவு கூடியதால் பிழை பரவும் வேகமும் கூடியுள்ளது.

மைசூருச் செய்தியாளர் ஆண்டுதோறும் தசரா விழாவைக் காட்டுகிறார். ஏறத்தாழ 750 கிலோ எடையுள்ள பொன் அம்பாரியைச் சுமந்து யானை அரண்மனையிலிருந்து புறப்படும் காட்சி உலகெங்கும் காணப்படுகிறது. ஆயினும் அவருடைய திறமையை உண்மையில் சோதிப்பது, அலங்காரம் ஏதுமற்ற வேறொரு செய்தி. அது கிருஷ்ணராஜசாகர் அணையின் நீர்நிலவரம்.

மைசூருவிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், மண்டியா மாவட்டத்தில், காவிரியின் குறுக்கே அவ்வணை அமைந்துள்ளது. அதன் முழு நீர்மட்டம் 124.80 அடி. முழுக் கொள்ளளவு சுமார் 49 டி.எம்.சி.; அதாவது 49 ஆயிரம் மில்லியன் கன அடி. நீர்மட்டத்தை அடியிலும், இருப்பை டி.எம்.சி.யிலும், நீர்வரத்தையும் வெளியேற்றத்தையும் நொடிக்கு இத்தனை கன அடி என்றும் கூறுவர். நொடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் நீர் பாய்ந்தால்தான் ஒரு டி.எம்.சி. ஆகும். இக்கணக்கை அறியாதவர் "பத்தாயிரம் டி.எம்.சி. திறக்கப்பட்டது" என்று எளிதாகக் கூறிவிடலாம். அறிந்தவரோ, அவ்வளவு நீர் அணையில் ஒருபோதும் இருக்க இயலாது என்பதை உணர்ந்து, உரிய பொறியாளரிடம் கேட்டுத் திருத்திக்கொள்வார்.

அணையிலிருந்து வெளியேறும் நீர் முழுவதும் தமிழ்நாட்டுக்கு வருவதும் இல்லை. ஒரு பகுதி விசுவேசுவரய்யா கால்வாய் வழியாக மண்டியா மாவட்ட வயல்களுக்குச் செல்கிறது. தமிழ்நாட்டுக்கு வரும் நீரின் அளவு எல்லைப் பகுதியிலுள்ள பிலிகுண்டுலுவில் கணக்கிடப்படுகிறது. ஆற்றில் விடப்பட்டது எவ்வளவு, கால்வாயில் விடப்பட்டது எவ்வளவு என்று பிரித்துக் கூறாத செய்தி, மண்டியா உழவருக்கு அச்சத்தையும் தஞ்சை உழவருக்குப் பொய்யான நம்பிக்கையையும் தரும்.

அச்சம் எங்குக் கொண்டுசெல்லும் என்பதை 2016 செப்டம்பர் காட்டியது. காவிரி நீரைத் திறந்துவிடுமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதை அடுத்துப் பெங்களூருவில் வன்முறை மூண்டது, பேருந்துகள் எரிக்கப்பட்டன. இரு மாநிலங்களிலும் குற்றமற்ற மக்கள் தாக்கப்பட்டனர். இத்தகைய வேளையில், காலையில் எரிந்த பேருந்தை நேரம் குறிப்பிடாமல் இரவு வரை காட்டினால், அடங்கிய கலவரமும் தொடர்வதாகவே தோன்றும். எனவே நல்ல செய்தியாளர், காட்சி எடுக்கப்பட்ட இடத்தையும் நேரத்தையும் தவறாமல் கூறுவார்; கேள்விப்பட்டதைக் கண்டதாகக் கூறமாட்டார்.

சட்டமும் சில எல்லைகளை வகுத்துள்ளது. வன்முறையைத் தூண்டக்கூடிய நிகழ்ச்சிகளை 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டமும் அதன் விதிகளும் தடை செய்கின்றன. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், முகவரி, பள்ளி ஆகியவற்றை வெளியிடுதல் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றமாகும்.

இத்துறையில் நுழைய விரும்புவோர் இதழியல் பட்டம் பெறலாம். மைசூருப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட பல பல்கலைக்கழகங்களில் இப்படிப்பு உண்டு. மொழியறிவு இன்றியமையாதது. மைசூருவில் கன்னடமும் ஆங்கிலமும் அறிந்தவர் தமிழும் அறிந்திருந்தால், காவிரியின் இரு கரை மக்களிடமும் நேரில் கேட்டறிய இயலும். தொடக்க நிலையில் பலர் பகுதிநேரச் செய்தியாளராகவே பணியாற்றுகின்றனர்; அனுப்பும் செய்திக்கு ஏற்பவே ஊதியம் பெறுகின்றனர். விடுமுறை நாள்களிலும் நள்ளிரவிலும் பணி அழைக்கும். அனுபவம் பெற்றவர் மூத்த செய்தியாளராகவும், மாவட்டப் பொறுப்பாளராகவும், செய்தி ஆசிரியராகவும் உயர்கின்றனர்.

பிறரைவிட ஒரு நிமிடம் முந்திச் சொன்ன செய்தியை மக்கள் விரைவில் மறந்துவிடுவர். தவறாகச் சொன்ன செய்தியை அவ்வூர் எளிதில் மறப்பதில்லை. "அவர் சொன்னால் சரியாக இருக்கும்" என்று தெருவில் நால்வர் கூறும் சொல்லே உள்ளூர்ச் செய்தியாளர் ஈட்டும் பெருஞ்செல்வமாகும்.