புறங்கையில் ஒரு மிகைத் தசை

புறங்கையில், மணிக்கட்டை அடுத்து ஒரு வீக்கம் தோன்றினால் அதனை நீர்க்கட்டி எனக் கொள்வதே வழக்கம். பெரும்பாலும் அது சரியே. எனினும் சிலரிடம் அவ்வீக்கம் கட்டியன்று. பிறவியிலேயே அமைந்த மிகைத் தசை ஆகும்.

பாதத்தின் மேற்புறத்தில் விரல்களை நிமிர்த்தும் குறுந்தசை ஒன்று இயல்பாகவே உண்டு. கையின் அமைப்பு வேறு. இங்கே விரல்களை நிமிர்த்தும் தசைகளின் சதைப்பகுதி முன்கையில் இருக்கிறது. அவற்றின் நாண்கள் மட்டுமே புறங்கை வழியாக விரல்களை அடைகின்றன. ஆயினும் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குப் பாதத்தில் உள்ளது போன்ற குறுந்தசை கையிலும் அமைந்துவிடுகிறது. லைடன் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்று அறிஞர் அல்பினஸ் 1734ஆம் ஆண்டிலேயே இதனை விவரித்துள்ளார். மணிக்கட்டின் பின்புறத்தில் தொடங்கும் இத்தசை பெரும்பாலும் சுட்டுவிரலையும், சிலரிடம் நடுவிரலையும் சென்று சேர்கிறது.

பலருக்கு இதனால் எத்தொல்லையும் இல்லை. கைக்கு ஓயாத வேலை கொடுப்போரிடமே வலி தோன்றுகிறது. டில்லித் துவாரகாவில் கட்டட வேலை செய்பவராயினும், தஞ்சையில் கதிர் அறுப்பவராயினும், காரணம் ஒன்றே. உழைப்பால் தசை பருக்கிறது. மணிக்கட்டின் குறுக்கே நாண்களைப் பிணைத்து நிற்கும் பட்டையின் விளிம்பில் அது நெருக்குண்டு வலிக்கிறது.

இதனை அறிய எளிய சோதனை உண்டு. மணிக்கட்டைச் சிறிது மடக்கி, பிறர் கை தடுக்க விரல்களை நிமிர்த்தச் சொன்னால், தசையாயின் வீக்கம் இறுகும், தளர்த்தினால் மென்மையாகும். நீர்க்கட்டி இவ்வாறு இறுகித் தளர்வதில்லை. மேலும், அதன் ஊடே விளக்கொளி ஊடுருவும். ஐயம் எஞ்சினால் அல்ட்ராசவுண்டு அல்லது எம்.ஆர்.ஐ. படம் அதனைத் தீர்க்கும்.

வலியில்லாத தசைக்குச் சிகிச்சை வேண்டியதில்லை. வலியுள்ளோர்க்கு முதலில் ஓய்வே மருந்து. அதனால் குணம் காணாவிடில், பட்டையைப் பிளந்து நெருக்கத்தைத் தளர்த்துவர். அல்லது தசையையே அகற்றுவர். ஆனால் சுட்டுவிரலுக்கு இயல்பாக உள்ள தனித் தசை சிலரிடம் இராது. அதன் வேலையை இம்மிகைத் தசையே செய்யும். அதனை ஆராயாமல் அகற்றினால் விரலின் ஆற்றல் குன்றக்கூடும். ஆகவே, கட்டி என்று எண்ணிக் கத்தியை எடுக்குமுன், விரலை ஒருமுறை நிமிர்த்திப் பார்ப்பது நன்று.