கணக்கும் அதன் இனமும்

எம்மோடு விடுதியில் உறையும் தோழர் ஒருவர் சென்ற ஆண்டில் தமது பழைய மிதிவண்டியை அயலார் ஒருவர்க்கு விற்றனர். விலைப்பணம் கைப்பேசி வழியே அவர்தம் பாங்கிக் கணக்கை நொடிப்பொழுதில் வந்தடைந்தது. ஒரு திங்கள் கழிந்தபின் உணவுச்சாலைத் தொகையைச் செலுத்தப் புகுந்தவர்க்கு, கணக்கு முடக்கப்பட்டுள்ளது என்னும் விடையே கிடைத்தது. வண்டி கொண்டவர் தந்த பணம், எங்கோ ஒருவரை வஞ்சித்துப் பறித்த பொருளின் ஒரு கூறாம். பணம் சென்ற தடத்தைப் பின்பற்றி வந்தோர் எம் தோழரையும் அத்தடத்திற் கண்டனர். இங்ஙனம் தடம் பற்றிச் செல்லும் தொழிலை இந்நாளிற் பொறிகளுக்கும் கற்பித்து வருகின்றனர். அது யாங்ஙனம் நிகழ்கின்றது என்பதையே ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுந்தேம்.

2016-ஆம் ஆண்டில் நம் நாட்டில் யூ.பி.ஐ. என்னும் பணமாற்று முறை தோன்றிய பின்னர், கொடுத்தலும் வாங்கலும் கண்ணிமைப்பொழுதின் செயல்களாயின. இவ்விரைவு கள்வர்க்கும் உதவுகின்றது. வஞ்சித்த பணத்தை அவர் தம் பெயரிற் பெறுவதில்லை. பிறர் கணக்கிற் பெறுவர். இத்தகைய கணக்கை 'மியூல்' கணக்கு என்ப. மியூல் என்பது கோவேறு கழுதை. பொதி யாருடையது என்று வினவாது சுமப்பதாகலின் பெயர் பொருந்துவதே. சிறு கூலிக்கு ஆசைப்பட்டுத் தம் கணக்கையும் அட்டையையும் பிறர் கையிற் கொடுக்கும் மாணவரும் உளர் என்பதை நாணத்தோடு கூறுகின்றேம். ஒரு கணக்கில் வீழ்ந்த பணம் சிறிது நேரத்தில் ஐந்தாய்ப் பிரிந்து, ஐந்தும் இருபதாய்ச் சிதறி, மறைந்துபோம்.

கணக்கை ஒவ்வொன்றாய் எடுத்து நோக்கின் இக்களவு புலப்படுவதரிது. இன்ன தொகைக்கு மேற்பட்டால் ஐயுறுக என விதி வகுத்தால், கள்வர் அத்தொகைக்கு ஒரு ரூபாய் குறைத்து அனுப்புவர். தனித்து நோக்குங்கால் ஒவ்வொன்றும் ஓர் ஏழை மாணவன் கணக்கே போலத் தோன்றும். சேர்த்து நோக்கினாலன்றிச் சூழ்ச்சி விளங்காது. சேர்த்து நோக்கும் கருவியே கோட்டுரு. கோனிக்ஸ்பர்க் நகரத்து ஏழு பாலங்களைப் பற்றிய புதிரை 1736-இல் ஆய்லர் என்னும் கணித அறிஞர் ஆராய்ந்தபோது இக்கலைக்கு வித்திட்டார். இங்கே ஒவ்வொரு கணக்கும் ஒரு முனை; ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குப் பணம் சென்றால் அவ்விரண்டையும் இணைப்பது ஒரு கோடு. கைப்பேசியையும் ஒரு முனையாகக் கொள்ளலாம். பத்துப் பேர் பெயரிலுள்ள கணக்குகள் ஒரே கைப்பேசியால் இயக்கப்படுதல் அப்பொழுது தானே வெளிப்படும்.

இனி, பொறி கற்குமாறு யாது? நம்மூரில் பெண் கொடுப்போர் மணமகனைப் பற்றி அயல்வீட்டாரை உசாவுவர். அவ்வயல்வீட்டார் எத்தகையர் என்று அவர்க்கு அயலாரையும் உசாவுவர். பொறி செய்வதும் இதுவே. கணக்கின் வயது, பணம் வரும் தடவைகள், வந்த பணம் தங்கும் நேரம் முதலியவற்றை எண்களாக்குவர். பின்னர் ஒவ்வொரு முனையும் தன்னோடு இணைந்த முனைகளின் எண்களைத் திரட்டிச் சராசரி கண்டு, தன் எண்களோடு கலந்துகொள்ளும். இதனை இருமுறை செய்தால் அயலார்க்கு அயலாரின் செய்தியும் வந்து சேரும். எவ்வெண்ணுக்கு எத்துணை மதிப்பளிப்பது என்பதை, முன்னரே கள்ளம் என்றும் நேர்மை என்றும் துணியப்பட்ட கணக்குகளைக் காட்டிக் காட்டிப் பொறியே திருத்திக்கொள்ளுமாறு செய்வர். 2017-இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்து ஹாமில்டன், யிங், லெஸ்கோவெக் என்போர் வெளியிட்ட கிராஃப்சேஜ் என்னும் முறை, அயலார் அனைவரையும் உசாவாது சிலரை மட்டும் தெரிந்தெடுத்து உசாவும்; நேற்றுத் திறந்த கணக்கையும் அது மதிப்பிடவல்லது.

சிற்றினம் சேராமை என ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். ஆயினும் அவர் கூறியது தானே தேடிச் சேரும் இனத்தை. பணமோ நம்மைக் கேளாமலே வந்து சேர்கின்றது. தேநீர்க்கடைக்காரர் நாளொன்றுக்கு நூறு பேரிடம் பணம் பெறுகின்றார். அந்நூற்றுவருள் ஒருவன் கள்வனாயின் அவர் என் செய்வார்? நல்ல பொறி அண்மையை மட்டும் நோக்காது, ஓட்டத்தையும் நோக்கல் வேண்டும். கடைக்காரர் பணம் தங்கும். பால்காரர்க்கும் வாடகைக்கும் முறையே செல்லும். பொதிசுமக்கும் கணக்கிலோ வந்த பணம் வந்தவண்ணமே ஓடிவிடும்.

ஒரு கணக்கிட்டுக் காண்பாம். ஓர் இலட்சம் கணக்குகளில் 500 தீயன என்க. பொறி அவ்வைந்நூற்றையும் தவறாது பிடித்து, நல்லவற்றுள் நூற்றுக்கொன்றை மட்டும் பிழையாய்ச் சுட்டுவதாகவும் கொள்க. மிகச் சிறந்த பொறியெனப் பலரும் மெச்சுவர். ஆனால் நல்ல கணக்குகள் 99,500 ஆதலின் 995 பேர் பிழையாய்ச் சுட்டப்படுவர். அஃதாவது சுட்டப்பட்டோருள் ஏறக்குறைய மூவரில் இருவர் குற்றமற்றோர். இதனை உணர்ந்தபோதே எம் தோழர் பட்ட பாடு எமக்குத் தெளிவாயிற்று.

புதியதெல்லாம் பழையதை வெல்லும் என்பதும் இல்லை. 2019-இல் லண்டன் மாநகர எலிப்டிக் நிறுவனம் பிட்காயின் பணமாற்றங்கள் 2,03,769-ஐ முனைகளாகக் கொண்ட கோட்டுரு ஒன்றை வெளியிட்டது. அவற்றுள் 4,545 மட்டுமே கள்ளம் எனக் குறிக்கப்பட்டன. அதனை ஆராய்ந்தோர், பல தீர்மான மரங்களைக் கூட்டி முடிவு காணும் பழைய முறையே கோட்டுருப் பொறியினும் மேம்பட்டமை கண்டனர். கோட்டுருவாற் பெற்ற எண்களையும் அப்பழைய முறைக்கு ஊட்டியபோது பயன் இன்னும் சிறிது மிக்கது. இடையே இருட்சந்தை ஒன்று மூடப்பட்டதும் எல்லா முறைகளும் ஒருங்கே தடுமாறின. கள்வர் வழி மாற, கற்ற பாடம் பழையதாயிற்று.

நம் நாட்டில் ரிசர்வ் பாங்கியின் புத்தாக்க மையம் அமைத்த மியூல்ஹன்டர் என்னும் பொறியைப் பற்றிய அறிவிப்பு 2024 டிசம்பரில் வெளிவந்தது. பொறி ஐயத்தை எழுப்புக. முடக்குமுன் ஒரு மனிதர் வினவுக என்பதே எம் வேட்கை. எம் தோழரை வினவியோர் பின்னரே வந்தனர். மிதிவண்டி வாங்கிய நாளின் பற்றுச்சீட்டை அவர்தம் தந்தையார் ஊரிலிருந்து தேடி அனுப்பினார். அதைக் கண்ட பிறகே கணக்கு விடுவிக்கப்பட்டது. அதுவரை உணவுச்சாலைத் தொகையை அறைத்தோழர் நால்வர் பகிர்ந்து செலுத்தினேம்.