முத்துக்கரை வாழ்க்கை – 12: திருவிழாத் தையல்

தென்மேற்குக் காற்று வலுத்து மன்னார் வளைகுடாவின் நீரைக் கலக்கத் தொடங்கியதும், கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் சென்று திரும்பிய பாய்மரத் தோணிகள் தூத்துக்குடித் துறையில் கட்டிக் கிடந்த அந்தக் காலத்தில், பாய்களைக் கரையில் விரித்து, தடித்த ஊசியும் முறுக்கேறிய நூலும் கொண்டு கிழிசல்களை மூட்டிக்கொண்டிருந்த ஆடவரைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதே மாதங்களில் அதே குடும்பங்களின் வீடுகளுக்குள்ளே மற்றொரு தையலும் நடந்துகொண்டிருந்தது. அதற்குக் கடலும் கோயிலும் சேர்ந்தே நாள் குறித்துக் கொடுத்தன. அந்த வீட்டுத் தையலைப் பற்றியே இந்த வாரம் சொல்லப் புகுகிறேன்.

பனிமய மாதா திருவிழா ஆண்டுதோறும் ஜூலை 26-ஆம் தேதி கொடியேற்றத்துடன் தொடங்கி ஆகஸ்ட் 5-ஆம் தேதி நிறைவெய்துகிறது. ரோமாபுரியின் குன்றொன்றின்மேல் நடுக்கோடையில் பனி பெய்ததென்ற பழைய ஐதிகத்தையொட்டி ஐரோப்பாவில் நிச்சயிக்கப்பட்ட தேதி அது. பனியென்பதைக் கண்ணாலும் காணாத இந்த உப்பளத்து ஊருக்கு அது எந்த விதத்திலும் பொருந்த நியாயமில்லை. ஆயினும் வைகாசி தொடங்கி ஆவணி வரையில் தோணிகள் கடலேறாமல் ஓய்ந்திருக்கும் பருவத்தின் நட்டநடுவில் அது வந்து அமைந்ததனால், ஓடுகிற பருவத்தில் ஈட்டிய பணம் கையில் முற்றிலும் கரைந்துவிடாமலும், கடலோடிகள் யாவரும் வீட்டில் இருக்கும்படியாகவும் நேர்ந்த ஒரே பெருவிழாவாக அது ஆயிற்று. 1555-இல் இக்கரைக்கு வந்ததாகப் பரம்பரையாகச் சொல்லப்படும் மாதா சொரூபத்துக்கு 1713-இல் கோயில் எழுந்தது. 1982-இல் அது பேராலயம் என்ற பட்டத்தைப் பெற்றது. இந்த விவரங்களையெல்லாம் இத்தொடரின் முற்பகுதியிலேயே விரித்துரைத்திருப்பதால் இங்கே அவற்றில் தங்காமல், கொடியேற்றத்துக்கு ஒரு மாதம் முன்னதாகவே வீடுகளில் ஆரம்பமாகிவிடும் காரியத்துக்கு வருகிறேன்.

உள்நாட்டில் ஆடி மாதம் கலியாணமில்லாத மாதம். அந்நாட்களில் ஜவுளிக்கடைக்காரர் ஓய்ந்து உட்கார்ந்திருந்த மாதம். தூத்துக்குடியிலோ, எனக்குத் தெரிந்த வரையில், கடற்கரைக் குடும்பங்கள் துணி எடுக்கும் மாதமே அதுதான். அந்நாளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு துணி என்று தேடுகிற வழக்கம் இருந்ததில்லை. சீட்டியோ பாப்ளினோ ஒரே தானில் இருபது இருபத்தைந்து கஜம் வெட்டி வாங்கி வந்து, மூத்தவளுக்குப் பாவாடையும் சட்டையும், நடுவிலவளுக்குக் கவுன், கடைக்குட்டிப் பையனுக்குச் சட்டை, மிஞ்சிய துண்டில் தொட்டில் பிள்ளைக்கு ஒரு பொத்தான் சட்டை என்று அந்த ஒரே பூப்போட்ட துணியிலிருந்து குடும்பம் முழுவதையும் உடுத்திவிடுவார்கள். சப்பர பவனியின் நெரிசலில் பிள்ளை தவறிப்போனாலும் அக்காளின் பாவாடையைக் காட்டி இதே துணியில் சட்டை போட்ட பையனைக் கண்டீர்களா என்று கேட்டு மீட்டுக்கொள்ளலாம் என்பது அக்காலத்துத் தாய்மார் கண்ட கூடுதல் அனுகூலம்.

துணியை வெட்டுவது பாட்டியின் அதிகாரம். காகிதத்தில் வரைந்து வைத்த அளவுப்படம் ஏதும் அவளிடம் கிடையாது. பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி, சாணும் விரற்கடையுமாக அளந்து, சென்ற ஆண்டுத் திருவிழாச் சட்டையை அதன்மேல் வைத்துப் பார்த்து, பிள்ளை வளர்ந்திருக்கும் தூரத்தைக் கண்ணால் தீர்மானித்துக்கொண்டு கத்திரிக்கோலை வைப்பாள். "ஏட்டி, வளருத பிள்ளை, உள்ள நாலு விரக்கடை விட்டுத் தை" என்று மகளுக்குச் சொல்லப்படும் அந்த உத்தரவில் ஒரு குடும்பத்தின் மூன்று வருஷத்துப் பொருளாதாரம் அடங்கியிருந்தது. முதல் ஆண்டு இடுப்புக்குக் கீழே இரண்டு டக்கு பிடித்துத் தைத்த கவுன், மறு ஆண்டு ஒரு டக்கு பிரிக்கப்பட்டு நீளும்; அதற்கடுத்த ஆண்டு மற்றதும் பிரிக்கப்படும்; பின்னர்த் தங்கைக்கு இறங்கும்போது அதே கோட்டில் மறுபடியும் டக்கு ஏறும். பிரித்த இடத்தில் துணியின் ஆதி நிறம் வெளுக்காமல் ஒரு கோடாக நிற்கும். அதை மறைக்க அவ்விடத்தில் ஒரு நாடாவோ, லேஸ் என்று இன்று சொல்லும் ரேந்தையோ வைத்துத் தைப்பார்கள். கண்ணுக்கு அலங்காரமாகத் தோன்றிய அநேக நாடாக்கள் அந்தக் கோட்டை மறைக்க வந்தவையே. வறுமையை இவ்வளவு கௌரவமாக மூடத் தெரிந்த கைகளை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன்.

அந்த ரேந்தைக்கு இந்தத் தென்கோடியில் தனிச் சரித்திரம் உண்டு. நாகர்கோவிலில் லண்டன் மிஷன் ஊழியரான சார்லஸ் மால்ட் என்பவரின் மனைவி மார்த்தா அம்மையார், 1820களில் தாம் நடத்திய பெண்பள்ளியில் ஏழைப் பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்பித்தார். இறுகத் திணித்த திண்டின்மேல் வடிவப் படத்தை விரித்து, அதன் புள்ளிகள்தோறும் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சின்னஞ்சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் அந்த நுட்பமான வேலை, அவருடைய மகள் எலைசாவுக்குப் பிள்ளைப் பிராயத்திலேயே வந்திருந்தது. அந்த எலைசாதான் 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து, தேரிக்காட்டின் விளிம்பிலிருந்த இடையன்குடிக்கு வந்து, அங்கும் பெண்பள்ளி கண்டு, ரேந்தைத் தையலை வேரூன்றச் செய்தவர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதிய கணவரின் புகழ் தேசங்கடந்து பரவியிருக்கிறது. நூலைக் கொண்டு பல குடும்பங்களுக்கு ஜீவனம் தேடிக் கொடுத்த மனைவியின் பெயரை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? 1883-இல் கால்டுவெல் தம்பதிகள் தூத்துக்குடிக்கே வந்து குடியேறினார்கள். இருவரும் இடையன்குடி ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

சபைகள் வேறாயினும் நூலுக்குப் பேதமில்லை. சீர்திருத்தச் சபையார் கற்பித்த ரேந்தையும், கத்தோலிக்கக் கன்னியர் மடங்களில் கற்பிக்கப்பட்ட பூத்தையலும் குரோஷாப் பின்னலும் இக்கரை வீடுகளில் ஒன்றோடொன்று கலந்தன. பெண்பள்ளிகளில் தையல் ஒரு பாடமாக இருந்த காலத்தில், ஓட்டுத் தையல், சங்கிலித் தையல், காஜா, ஒட்டுப்போடுதல் என்று ஒவ்வொன்றையும் சிறு துணித்துண்டில் போட்டு, ஏட்டின் பக்கத்தில் வைத்துத் தைத்து, ஆசிரியையின் கையொப்பம் பெற்ற மாதிரி நோட்டுப் புத்தகங்களைச் சில வீடுகளில் இன்றும் பார்க்கிறேன். எழுத்துப் பாட நோட்டுகளையெல்லாம் பழைய காகிதக்காரனுக்குப் போட்டவர்கள் இதை மட்டும் போடவில்லை.

குடும்பத்தின் எல்லாத் தையலுக்கும் சிகரமாக விளங்கியவை இரண்டு: ஞானஸ்நானச் சட்டையும், புதுநன்மைக் கவுனும். 1910-இல் பத்தாம் பத்திநாதர், விவரமறிந்த ஏழு வயதளவிலேயே பிள்ளைகள் முதன்முறையாக நற்கருணை பெறலாம் என்று விதித்த பிறகு, புதுநன்மை சின்னஞ்சிறு பிள்ளைகளின் விழாவாயிற்று. வெள்ளைக் கவுனும் முக்காட்டு வலையுமாகச் சிறுமிகளை அலங்கரிக்கும் வேலையும் வீடுதோறும் பெருகியது. ஞானஸ்நானச் சட்டையோ அதனினும் பழையது. பிள்ளையின் உயரத்தைப் போல் இரு மடங்கு நீளம். மல் துணியில் நெருக்கமான சுருக்கு. கழுத்திலும் கையிலும் விளிம்பிலும் வீட்டில் பின்னிய ரேந்தை. முதற்பிள்ளைக்குத் தைத்த அந்தச் சட்டை, அதன் தம்பி தங்கையருக்கும், பின்னர் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் அணிவிக்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் நீலம் போட்டு அலசி, கஞ்சியில்லாமல் நிழலில் உலர்த்தி, வேப்பிலையோடு பெட்டிக்குள் போய்விடும். கொழும்பில் வியாபாரம் செய்த உறவினர் வீட்டில் பிள்ளை பிறந்தால், சட்டை கடல் கடந்து போய் வரும். 1914-இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி மார்க்கம் ஏற்படும் வரையில் சென்னையிலிருந்து இலங்கைக்குச் செல்லும் ரயில் பிரயாணிகள் தூத்துக்குடியில் வந்தே கப்பல் ஏறினார்கள்; அதற்குப் பின்னும் தோணிப் போக்குவரத்து ஓய்ந்ததில்லை. ஆகையால் கொழும்புக் கடைகளின் நாகரிகக் கழுத்து வெட்டும் பொம்மைக் கையும் நம்மூர் வீடுகளுக்கு வந்து சேர்ந்ததில் வியப்பொன்றுமில்லை.

மெஷின் வந்தது பிற்பாடு. தவணையில் விற்கும் வழக்கத்தை 1850களிலேயே அமெரிக்காவில் பரப்பிய சிங்கர் கம்பெனியின் கறுத்த கை மெஷின் முதலில் வசதியுள்ள வீடுகளுக்கு வந்தது. கல்கத்தாவில் 1930களில் உற்பத்தியாகத் தொடங்கிய உஷா, பின்னர் நடுத்தர வீடுகளின் சீர்வரிசையில் இடம்பெற்றது. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தின் வாயிலாக அரசாங்கமே ஏழைப் பெண்களுக்கு இலவச மெஷின் வழங்கும் நிலையும் வந்தது. கொடியேற்றத்துக்கு முந்திய வாரத்தில் ஒரு தெருவில் ஒரு மெஷின் இருந்தாலும் போதும். இரவு வெகுநேரம் வரையில் அண்டை வீட்டுத் துணிகளும் அதன் ஊசியின் கீழ் ஓடும். தைத்துக் கொடுப்பவள் கூலி வாங்கமாட்டாள். பதிலுக்கு மீனோ கருப்பட்டியோ போய்ச் சேரும்.

நூலைப் பற்றிப் பேசும்போது கோரல் மில்லைக் குறிப்பிடாமல் கடக்க இயலாது. கரிசல் காட்டுப் பருத்தி இத்துறைமுகத்தின் வழியே வெளிநாடுகளுக்குப் போனதோடு நில்லாமல், ஹார்வி சகோதரர் நிறுவிய அந்த ஆலையில் இவ்வூரிலேயே நூலாகவும் ஆயிற்று. 1908 பிப்ரவரி இறுதியில் அவ்வாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். கூலி உயர்வோடு வாராந்தர விடுமுறையும் கேட்கப்பட்டது. ஆலை நிர்வாகம் இறங்கி வந்தது. நாட்டு விடுதலைச் சரித்திரத்தில் பொன்னெழுத்தில் பொறிக்கப்பட்ட அச்சம்பவத்தை இங்கே நான் நினைப்பதற்குக் காரணம், திருவிழா கொண்டாடுவதற்கும், பண்டிகைக்குத் தைப்பதற்கும், பிள்ளையை அருகில் நிறுத்தி அளவெடுப்பதற்கும் மனிதனுக்கு முதலில் ஓய்வு வேண்டும் என்பதும், அந்த ஓய்வு ஏழைகளுக்குத் தானாகக் கிடைத்ததில்லை என்பதுமே.

ஆகஸ்டுத் திருவிழாவின் தையல் ஒரு விதமென்றால், கிறிஸ்துமஸ் தையல் மற்றொரு விதம். ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்காலம். உப்பளங்களில் வேலை நின்றுவிடும். கடலும் பல நாள் கொந்தளித்துக் கிடக்கும். உப்பளத் தொழிலாளருக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வேலையற்ற மாதங்களுக்காக அரசாங்கம் இப்போது 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறதென்றால், அதுவும் இல்லாத காலத்தில் டிசம்பர் மாதம் எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். ஆகவே கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி எல்லா வீட்டிலும் புதிதாக வாங்கியதாக இருந்ததில்லை. அம்மாவின் கலியாணப் புடவையின் நைந்த தலைப்பை நீக்கி, உறுதியான உடல் பகுதியில் இரண்டு பாவாடைகள் எடுப்பார்கள்; ஜரிகைக் கரையை ரவிக்கையின் கையில் வைப்பார்கள்; குடிலில் வைக்கும் பாலனுக்கும் அந்தத் துணியிலேயே விரலளவில் ஒரு சட்டை. அடுப்படியில் முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் நடந்துகொண்டிருக்கும். கடையிலிருந்து மக்ரூன் வந்திருக்கும். நடுஇரவுப் பூசைக்கு மணியடிக்கும் நேரத்தில்கூட யாரோ ஒருத்தி கடைசிப் பொத்தானைத் தைத்துக்கொண்டிருப்பாள். அம்மா மணவறையில் உடுத்திய துணியை மகள் பாலன் பிறப்புக்கு உடுத்திக்கொண்டு போவதைப் பார்க்கிலும் பெரிய அலங்காரம் எந்தக் கடையிலும் விற்பதாக நான் அறியேன்.

1806-இல் முதன்முறையாக ஓடிய மாதாவின் தங்கத்தேர் ஆண்டுதோறும் ஓடுவதில்லை. குறிப்பிட்ட சில ஆண்டுகளில் மட்டுமே வெளிவரும். அண்மைக் காலத்தில் 2013-இலும் 2023-இலும் ஓடியது. தங்கத்தேர் வருஷத்துத் துணியை மற்ற வருஷத்துத் துணிபோல் ஒட்டுப்போட்டுத் தீர்க்காமல் மடித்து வைக்கும் குடும்பங்கள் உண்டு. ஒருத்தியின் பெட்டியில் சிறுமியாக அணிந்த கவுன் ஒன்று, மணமான புதிதில் உடுத்திய புடவை ஒன்று, பேத்திக்குத் தைத்துப் போட்ட பாவாடை ஒன்று என்று தேர் ஓடிய ஆண்டுகளெல்லாம் அடுக்கப்பட்டிருக்கும்.

இன்று தோணிகளில் பாயின் இடத்தை எஞ்சின் பிடித்துவிட்டது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை என்று ஓய்வுக் காலமும் இடம் மாறிவிட்டது. டபிள்யூ.ஜி.சி. ரோட்டுக் கடைகளில் எந்த வயதுக்கும் எந்த அளவுக்கும் தைத்த உடைகள் தொங்குகின்றன. காலையில் வாங்கி மாலையில் உடுத்தலாம். பெண்களுடைய முதுகுவலியும் கண்வலியும் இதனால் குறைந்திருக்கின்றன. அதை நான் மனப்பூர்வமாக வரவேற்கிறேன். இரவெல்லாம் விழித்துத் தைத்தவர்களின் சிரமத்தைத் தியாகமென்று புகழ்ந்து, அது மீண்டும் வரவேண்டுமென்று விரும்புவது அவர்களுக்கு இழைக்கும் அநீதியாகும். ஆனால் பிள்ளை சென்ற ஆண்டைக் காட்டிலும் எத்தனை விரற்கடை வளர்ந்திருக்கிறது என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் திருவிழா வந்து போவதை நஷ்டமென்றே நான் கருதுகிறேன். அந்த நஷ்டத்தைக் கடையில் வாங்கும் எந்த உடையும் ஈடு செய்யாது.

ஆகையால் வாசகர்களை, குறிப்பாக இக்கரைக் குடும்பங்களைச் சேர்ந்த பெண்மக்களை, இரண்டு காரியங்கள் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுப் பெட்டியில் ஞானஸ்நானச் சட்டையோ, ரேந்தைத் துண்டோ, தையல் நோட்டோ இருக்குமானால், பிளாஸ்டிக் பையிலிருந்து அதை எடுத்து வெளுத்த பருத்தித் துணியில் பொதிந்து, தைத்தவர் யார், எந்த ஆண்டு, யார் யார் உடுத்தினார்கள் என்பதை ஒரு சீட்டில் எழுதி உடன் வையுங்கள். தைக்கத் தெரிந்த பாட்டி ஒருவர் இன்னும் உங்களோடு இருப்பாரானால், வரும் கொடியேற்றத்துக்கு முன்பாக வீட்டின் கடைசிப் பிள்ளைக்கு ஒரே ஒரு சட்டையாவது அவர் சொல்லச் சொல்ல உங்கள் கையால் தைத்துப் பாருங்கள்.